பிடியரிசிக்குக் கடன்பட்டவள்

எழுத வேண்டும் என்று நினைத்து, டியூட்டியும் பயண ஏற்பாடுகளும் சேர்ந்துகொண்டதால் தள்ளிக்கொண்டே வந்ததை இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாக வாசியுங்கள்.

தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் ஜார்க்கண்ட் மாநிலத்துக்கு மிஷனெரி நர்ஸாகப் போகிறேன். கிறிஸ்துமஸும் புத்தாண்டு ஆராதனையும் வீட்டாரோடு முடிந்தபிறகு கிளம்புவதாக ஏற்பாடு. போகிற இடம் இராஜ்மகால் மலைப்பகுதி. சாஹிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா மாவட்டங்கள் அந்த மலைத்தொடரை ஒட்டித்தான் இருக்கின்றன. மலைமேல் சௌரியா பகாடியா ஜனங்கள், கீழே சமவெளியில் சந்தாலி ஜனங்கள். அங்குள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் எனக்கு வேலை. அவ்வப்போது மலைக்கிராமங்களுக்கும் போகவேண்டியிருக்கும்.

முடிவானது தெரிந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள், போனில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். "பெரிய தியாகம்மா." அன்பாகத்தான் சொல்கிறார்கள். நல்ல சம்பளம் வருகிற வேலை, கல்யாண வயசு, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு, இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறாளே என்ற ஆதங்கம் அதற்குள் இருக்கிறது. ஆனால் இந்த ஆயத்த நாட்களில் நான் நாள்தோறும் கண்டுகொண்டிருப்பது வேறொன்று. என்னோடு அந்த மலைக்கு வரப்போகிற எதுவும் என்னுடையது என்று சொல்லும்படியாக இல்லை. கையில் இருக்கிற தொழில், வாயில் இருக்கிற ஜெபம், போகிற பயணச் செலவு, எல்லாமே யாரோ எனக்குத் தந்தது. ஏராளமாக வாங்கிக்கொண்டவள் நான். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

அடுக்களையில் தொடங்குவது

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வைக்க அரிசி அளந்தவுடன், அதைக் களைவதற்கு முன்பு ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அம்மா உழக்கால் அளந்து போட்டுவிட்டு, அளந்ததிலிருந்தே ஒரு பிடி எடுப்பாள். மூட்டையிலிருந்து எடுக்கமாட்டாள். ஏன் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "நாம திங்கிறதுல இருந்து எடுத்தாத்தானட்டி அது குடுத்தது. மூட்டையில இருந்து எடுத்தா அது மிச்சம்லா" என்றாள்.

மாசக் கடைசியில் மூட்டை அடி தட்டுகிற நாளிலும் அந்தப் பிடி நின்றதில்லை. சில நாள் பிடி சிறுத்திருக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அரிசியைக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்திருக்கும் பெரிய ஓலைப்பெட்டியில் கொட்டுவார்கள். அந்தக் குவியலைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஊரே அதற்குள் இருக்கும். வெள்ளை வெளேரென்று ஒரு வீட்டுப் பொன்னி, பழுப்பேறிய ரேஷன் அரிசி, யாரோ ஆப்பத்துக்கு வைத்திருந்த பச்சரிசி, நடுவில் ஒன்றிரண்டு சிவப்பரிசி. இதைப் பொங்கினால் ஒன்று குழைந்துபோகும், இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் சோற்றுக்கு ஆகாது. மாவுக்கு அரைக்கத்தான் வாங்குவார்கள். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும்.

என்னை அனுப்புகிற சபையின் பங்கில் ஒரு பகுதி இந்த அரிசிப் பணம்தான் என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மா ஒருத்தர் சொன்னபோது எனக்குச் சட்டென்று பேச வரவில்லை. இத்தனை வருஷம் அந்த ஓலைப்பெட்டியைத் தாண்டித்தான் பாடகர் குழுவுக்குப் போயிருக்கிறேன். அதில் கொட்டினவர்கள் யார் யார் என்று முகம் முகமாக எனக்குத் தெரியும். கணவனை இழந்து பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அக்கா உண்டு. முழங்கால் வலியோடு கம்பு ஊன்றி வருகிற ஆச்சி உண்டு. அவர்கள் தங்கள் சோற்றில் குறைத்துக்கொண்ட பிடிதான் எனக்கு ரயில் டிக்கெட்டாக வந்திருக்கிறது.

இது எங்கள் சபையோடு நிற்கிற கதையில்லை. நம் மண்ணிலிருந்து மிஷனெரிகள் புறப்பட்டதே இப்படித்தான். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் வேலைபார்த்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியிடத்துக்கு ஊழியரை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். ஈழத்துத் தமிழர் செய்வதை நாம் ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். மறு வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. தெலுங்கு தேசத்து டோர்னக்கல் அவர்களுடைய பணித்தளமாயிற்று. 1909இல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே போனார். 1912இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்.

பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் அசரியாவைப் பற்றி மனப்பாடம் செய்து பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவரைப் புறப்பட்டுப் போன வீரராகத்தான் பார்த்தேன். இப்போது அந்தக் கதையில் எனக்கு முதலில் கண்ணில் படுவது யாழ்ப்பாணம். அவர் அங்கே எதையும் கொடுக்கப் போகவில்லை. அவர்களிடமிருந்து ஒரு எண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கியதை இங்கே பெருக்கினார். மிசோரமிலும் இதே கதைதான். அங்கே வீட்டுப் பெண்கள் உலையரிசியில் கைப்பிடி எடுத்துவைக்கிற வழக்கத்துக்குப் பூஃபாய் தாம் என்று பேர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களிலேயே ஆரம்பித்தது, இன்றுவரை நடக்கிறது. அந்த மலைச் சபைகள் எத்தனையோ மிஷனெரிகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. எங்கள் செம்மணல் தேரிக்காட்டு அம்மாவும் மிசோ மலை அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவரவர் அடுக்களையில் நின்று ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்.

இதெல்லாம் மனசில் ஓட, ஒருநாள் அம்மா அரிசி களைகிற நேரத்தில் பக்கத்தில் போய் நின்று, "அம்மா, ரொம்ப நன்றிம்மா" என்று சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்து, "என்னட்டி, வேத்தாளுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுத? போய் அந்தத் தேங்காயத் துருவு" என்றாள். நம் வீடுகளில் அப்படித்தான். அதனால் இப்போதெல்லாம் சொல்வதில்லை. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து அந்தப் பிடியை நான் எடுத்துப் போடுகிறேன். அளந்ததிலிருந்துதான்.

என் கைக்குத் தொழில் தந்தவர்கள்

நர்ஸிங் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும், வெளியே அவ்வளவாகப் பேசமாட்டோம். நாங்கள் தொழில் கற்றுக்கொள்வது ஏழைகளின் உடம்பில். புத்தகத்தில் படிக்கலாம், பொம்மைக் கையில் ஊசி குத்திப் பழகலாம். ஆனால் உயிருள்ள ஒரு கையில் முதல் ஊசியைப் போடுகிற நாள் வரத்தான் செய்யும். அந்தக் கை, இலவச வார்டில் படுத்திருக்கிற யாரோ ஒருவருடைய கையாகத்தான் இருக்கும். தனியறையில் இருக்கிறவர்களிடம் மாணவிகளை அனுப்புவது அபூர்வம்.

எனக்குக் கை நீட்டினவர் உப்பளத்தில் வேலைபார்த்த ஒரு தாத்தா. என் கை நடுங்குவதை அவர் பார்த்தார். "பயப்படாத தாயி, உப்புல வெந்த தோலு இது, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியை நான் பார்த்துப் பதறக்கூடாது என்பதற்காகத் திருப்பினார் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. அவர் பேர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜெபத்தில் சொல்வதுண்டு.

வேலைக்கு வந்தபிறகு ஒரு மூத்த சிஸ்டர் நரம்பு பிடிக்கக் கற்றுத் தந்தார். வயசானவர்களுக்கு, அதுவும் வாந்தியும் வயிற்றோட்டமுமாக நீர் வற்றி வருகிறவர்களுக்கு, நரம்பு கண்ணுக்கே தெரியாது. "கண்ணால தேடாத, விரலால தேடு" என்பார். ஆள்காட்டி விரல் நுனியைத் தோல்மேல் மெதுவாக வைத்து அழுத்தி எடுக்கும்போது அடியில் ஒன்று மெத்தென்று எழும்பிவரும். தசைநார் என்றால் விறைப்பாக இருக்கும், எழும்பாது. இந்த வித்தியாசம் எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அது இரவு டியூட்டிகளில் அவர் என் விரலைப் பிடித்து நோயாளியின் கைமேல் வைத்து வைத்துக் காட்டியது. மின்சாரம் நின்று நின்று வருகிற ஊரில் அந்த விரல்தான் எனக்கு உதவப்போகிறது.

ஆயாம்மா ஒருத்தர் இன்னொன்று சொல்லித் தந்தார். படுத்தபடுக்கையாக இருக்கிறவரை இழுத்துத் திருப்பக்கூடாது. இழுத்தால் தோல் உரசிப் புண்ணாகும். அடியில் குறுக்காக ஒரு துணியை விரித்து, அந்தத் துணியோடு சேர்த்துத் தூக்கித் திருப்பவேண்டும். எங்கள் பாடப்புத்தகத்திலும் இது இருக்கிறதுதான். ஆனால் திருப்புவதற்கு முன்னால் நோயாளியின் காதருகே குனிந்து, "ஐயா, இப்பத் திருப்பப் போறோம்" என்று சொல்லவேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். நினைவு தப்பிக் கிடக்கிறவருக்கும் சொல்லுவார்.

போகிற இடத்தில் எனக்குக் காத்திருக்கிற நோய்களில் முக்கியமானது காலா அசார். நம் பக்கம் அதிகம் கேள்விப்படாதது. மணல் ஈ என்கிற, கொசுவைவிடச் சிறிய பூச்சி கடிப்பதால் வருகிறது. மண்சுவர் வெடிப்புகளிலும் மாட்டுத்தொழுவ ஈரத்திலும் அந்தப் பூச்சி பெருகும். காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு உப்பும், உடம்பு வற்றும், ரத்தம் குறையும். வைத்தியம் பார்க்காவிட்டால் 100இல் 95 பேருக்குமேல் பிழைப்பதில்லை. ஜார்க்கண்டில் இந்த நோய் நிலைத்திருந்த மாவட்டங்கள் நான் முதலில் சொன்ன அதே நான்குதான்.

இதைப் படிக்க உட்கார்ந்தபோது உபேந்திரநாத் பிரம்மச்சாரியைப் பற்றி அறிந்தேன். கல்கத்தா கேம்பெல் மருத்துவமனையில், சரியான வசதி எதுவும் இல்லாத ஒரு சிறிய அறையில் லாந்தர் வெளிச்சத்தில் உழைத்து, 1920களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமின் என்ற மருந்தைத் தந்தவர். வங்காளத்திலும் அசாமிலும் எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். பின்னால் வந்த மருந்துகளை ஏறத்தாழ ஒரு மாதம் தினந்தோறும் ஊசியாகப் போடவேண்டியிருந்தது. இப்போது லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி என்ற மருந்தை ஒரே தடவை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் நோயைக் கண்டுபிடிக்கிற பரிசோதனைப் பட்டையும் வந்துவிட்டது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரரைக் கண்டுபிடித்துக் கூட்டிவருகிறவர்கள் அந்த ஊர் ஆஷா பணியாளர்கள். வருஷம் தவறாமல் சுவர்களுக்கு மருந்தடிக்க முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே குறைக்கவேண்டும் என்ற இலக்கை நோக்கி இவர்கள் எல்லாரும் உழைத்திருக்கிறார்கள்.

நான் போய்ச் சேருவது இத்தனை பேர் போட்டுவைத்த பாதையின் ஓரத்தில். இது தெரிந்தபின் எனக்குள் இருந்த ஒரு பாரம் இறங்கிற்று. எல்லாரையும் நானே காப்பாற்றப் போகிறதுபோல ஒரு நினைப்பு இருந்தால் அது நம்மையும் அழுத்தும், பக்கத்தில் இருக்கிறவர்களையும் அழுத்தும்.

அங்கிருந்து இங்கே வந்திருப்பவள்

எனக்கு இந்தி கற்றுத்தருவது கோட்டா மாவட்டத்துப் பெண். புருஷன் தூத்துக்குடியில் கட்டட வேலை. எங்கள் தெருவில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது பழக்கமானாள். நான் அவள் ஊர்ப்பக்கம் போகப்போகிறேன் என்றதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நாங்க அங்க இருந்து இங்க வந்திருக்கோம், நீங்க இங்க இருந்து அங்க போறீங்களா தீதி?" என்று கேட்டாள்.

சாயங்காலம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவாள். எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு நான் புத்தகத்திலிருந்து "தர்த் கஹாம் ஹை" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவளோ, "எங்கள் ஊர்ப் பாட்டியிடம் 'கஹாம் துக்தா ஹை' என்று கேட்டுப்பாருங்கள், உடனே வாய் திறப்பாள்" என்றாள். சந்தைக்குக் கூடை தூக்கி வருகிற பகாடியாப் பெண்களைப் பற்றி, அவர்கள் மலைச்சரிவில் விளைவித்துக் கொண்டுவருகிற பர்பட்டிப் பயறைப் பற்றி, விடிவதற்கு முன்னமே அவர்கள் இறங்கத் தொடங்குவதைப் பற்றி எல்லாம் சொல்லுவாள். எனக்குத் தரப்பட்ட பயிற்சிக் குறிப்புகளில் இது எதுவும் கிடையாது.

ஒருநாள் வெயிலில் அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். வறுத்த கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பு, நறுக்கின வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்து ஒரு லோட்டா நிறையத் தந்தாள். சத்து என்பார்கள். மாவு, ஊரிலிருந்து அவள் மாமியார் கொடுத்தனுப்பியது. டப்பாவில் கொஞ்சம்தான் இருந்தது என்பது எடுக்கும்போதே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. பிறகு வாங்கிக் குடித்தேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷம் நான் கொடுத்த எந்த உதவிக்கும் வந்ததில்லை. அதுவரை அவளுக்கு நான் உதவி செய்கிற அக்கா. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

அன்றைக்கு அசரியா மறுபடி நினைவுக்கு வந்தார். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஆசியர்கள் மிகச் சிலர்தான். அதில் அசரியாவும் ஒருவர். மேலைநாட்டு மிஷனெரிகளின் உழைப்பையும் பாடுகளையும் இந்தியச் சபை மறக்காது என்று சொன்னவர், எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று அந்தச் சபையில் துணிந்து கேட்டார். கொடுத்துக்கொண்டே இருக்கிறவர்கள் வந்தார்கள், கூடப்பிறந்தவர்போல உட்கார்ந்து உண்ணுகிறவர்கள் குறைவு என்ற வேதனை அந்தப் பேச்சில் இருந்தது. அவர் கேட்டதை நான் இத்தனை நாள் வெள்ளைக்காரர்களிடம் கேட்ட கேள்வியாகத்தான் வாசித்தேன். இப்போது தமிழ்நாட்டிலிருந்து போகிற என்னிடமும் அதே கேள்வி வருகிறது.

அப்படி வாங்கத் தெரிந்தவர்களும் நம் மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்கள். 1840களில் சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யூ. போப், கொடுக்க வந்த இடத்தில் தமிழை வாங்கிக்கொண்டார். இங்கிலாந்து திரும்பியும் அதை விடவில்லை. 1886இல் திருக்குறளையும், 1900இல் தம் 80ஆம் வயசில் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை மொழிபெயர்த்த கை ஒரு மிஷனெரியின் கை என்பதை நினைத்தால் எனக்கு நிறைவாக இருக்கும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லும் அப்படித்தான். 1856இல் முதலில் வெளிவந்த அவருடைய திராவிட ஒப்பிலக்கணம், இராஜ்மகால் மலைமொழியையும் தமிழின் குடும்பத்தில் சேர்த்துப் பேசுகிறது. மால்தோ என்று சொல்லப்படுகிற பகாடியா மக்களின் மொழி அது. நான் போகிற மலை எனக்கு உறவுமுறை என்பதை எங்கள் தேரிக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் அப்போதே எழுதிவைத்துவிட்டார்.

நன்றியும் துக்கமும் ஒரே வீட்டில்

இதையெல்லாம் வாசித்துவிட்டு, எங்கள் வீட்டில் எந்நேரமும் பாட்டும் துதியுமாக இருக்கிறது என்று நினைத்துவிடவேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அவருடைய மாத்திரைகளைக் காலை, மதியம், ராத்திரி என்று பிரித்து டப்பாவில் போட்டுவைப்பது இதுவரை என் வேலை. இப்போது தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா துணிமணி அடுக்குகிற பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறாள். எனக்கும் ராத்திரி சில நேரம் தூக்கம் வருவதில்லை.

இந்த நாட்களில் எனக்குத் துணையாக இருப்பது பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபம். நாலே அதிகாரம். சிறையிலிருந்து ஒரு மிஷனெரி தன்னைத் தாங்குகிற சபைக்கு எழுதின நன்றிக் கடிதம் அது. எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அந்தச் சபை காணிக்கை அனுப்பியிருந்தது. கொண்டுவந்தவர் வந்த இடத்தில் சாகுமளவுக்கு நோயில் விழுந்துவிட்டார். அவர் பிழைத்ததைப் பற்றி எழுதும்போது, இறந்திருந்தால் தன் துக்கத்தின்மேல் இன்னொரு துக்கம் சேர்ந்திருக்கும் என்று பவுல் மறைக்காமல் சொல்கிறார். சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிற அதே கடிதத்தில் இதுவும் இருக்கிறது. நன்றி சொல்கிறவர்கள் அழக்கூடாது என்று யாரோ நமக்குத் தவறாகச் சொல்லித்தந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு ஜெபத்தில் இப்போது அம்மா அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொல்லுகிறாள். நானும் அப்படியே.

திரும்பி வராத ஒன்பது பேர்

சேவைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் முன்னமே எச்சரித்தார். செய்த உதவிக்கு நன்றியை எதிர்பார்ப்பது. இரவு முழுக்க விழித்துப் பார்த்த நோயாளி காலையில் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மனசு சுருங்கும். வார்டில் எனக்கே நடந்திருக்கிறது.

லூக்கா சுவிசேஷத்தில் பத்துக் குஷ்டரோகிகள் குணமான கதை எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான், அவனும் சமாரியன், அந்நியன். அந்த ஒருவனைப்போல இருக்கவேண்டும் என்பதுதான் வழக்கமாகக் கேட்கிற பிரசங்கம். எனக்கு இப்போது மற்ற ஒன்பது பேர்மேல் கண் போகிறது. மற்றவர்கள் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனாலும் அவர்கள் பெற்ற சுகம் பெற்றதுதான், அது பறிக்கப்படவில்லை. அவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள், பிள்ளைகளைத் தூக்கியிருப்பார்கள்.

மருந்துக்கு விலையாக நன்றியைக் கேட்கக்கூடாது, விசுவாசத்தையும் கேட்கக்கூடாது. காய்ச்சலோடு வருகிறவருக்கு வைத்தியம் அவருடைய உரிமை. நன்றி சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, எனக்குத்தான் இருக்கிறது. நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். திருப்பிக் கொடுக்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய தயவு.

ஆயத்தப்படுகிற மற்றவர்களுக்கு

என்னைப்போலப் பணித்தளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகள் இதை வாசிப்பீர்கள். மொழிப்பயிற்சி, தடுப்பூசி, கொசுவலை, பைக் ஓட்டப் பழகுவது, எல்லாம் செய்யவேண்டியதுதான். அதோடு சிலவற்றைச் சொல்கிறேன்.

உங்களைத் தாங்கப்போகிற பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு அறியுங்கள். காணிக்கைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற முகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பீடி சுற்றுகிற அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த நாளிலிருந்து ஒரு ரூபாய் செலவழிக்கும்போதும் எனக்குக் கை நிதானிக்கிறது.

தொழில் சொல்லித்தந்தவர்களை நேரில் போய்ப் பாருங்கள். போனில் குட்மார்னிங் படம் அனுப்புவதோடு நிறுத்தவேண்டாம். நான் அந்த மூத்த சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளையோடு இருக்கிறார். விரலால் நரம்பு தேடுவதை என் ஜூனியர்களுக்கு இப்போது நான் சொல்லித்தருகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஆயாம்மாவைப் பார்க்க இன்னும் போகவேண்டும்.

போகிற மாநிலத்திலிருந்து நம் ஊருக்குப் பிழைக்க வந்திருப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஓட்டலில், கட்டடத்தில், மீன் கம்பெனியில். அவர்களிடம் மாணவராகப் போய் உட்காருங்கள். அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள்.

தினமும் படுக்கப்போகுமுன் அன்றைக்கு யாரிடம் என்ன வாங்கினோம் என்று யோசித்துப் பாருங்கள். நான் என்ன செய்தேன், எத்தனை பேருக்கு உதவினேன் என்ற அறிக்கையை எழுதக் கேட்பவர்கள் பின்னால் நிறையப் பேர் வருவார்கள். வாங்கினதை எழுதச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் அதை நாமே பழகிக்கொள்ளவேண்டும்.

கடைசியாக என் ஜெபக்குறிப்புகள். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கவும், தம்பி மாத்திரை டப்பாவை மறக்காமல் நிரப்பவும் ஜெபியுங்கள். எனக்கு இந்தியும், அதற்குப்பின் மால்தோவும் நாவில் வர ஜெபியுங்கள். ராத்திரி மணல் ஈ கடித்துக் காய்ச்சலோடு கிடக்கிறவர்கள் காலத்தில் மருந்துக்கு வந்துசேர ஜெபியுங்கள். இவை எல்லாவற்றோடும், அந்த மலையில் ஒரு ஏழை வீட்டு அம்மா தன் உலையரிசியில் குறைத்து எனக்கு ஒரு தட்டு சோறு வைத்தால், வேண்டாம் என்று சொல்லாமல் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மனசு எனக்கு இருக்கவேண்டும் என்றும் ஜெபியுங்கள்.